முந்நூறு நீல ஆம்பல்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அண்ணியைப் பூக்கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஈரக் குடையை உள்ளே எடுத்துக்கொண்டு போவதா, வெளியிலேயே சாத்திவைப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருஷம் கழித்து நாத்தனார் கடை வாசலை மிதிக்கிறவளுக்கு, பாருங்கள், குடைதான் பெரிய கவலை.

உள்ளே கத்திரி கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போய் "வாங்க" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. ரோஜாத் தண்டில் முள் சீவுகிற வேலையில் அப்போதுதான் அவளுக்கு அப்படி ஒரு அக்கறை வந்திருந்தது.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்திரி என்பது அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். மூன்று வயதிலேயே கையில் கத்தரிக்கோலோடு திரிந்தவள். இப்போது நாற்பத்தெட்டு. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் பூ அலங்காரம் அவளுடையது. கடைக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஓட்டுநராக அவள் புருஷன். அண்ணன் இருக்கிறான், வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்துப் பேச அண்ணி இருக்கிறாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கத்திரியின் அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். கத்திரி ஞாயிறு தவறாமல் போய்ப் பார்ப்பாள். ஒரே ஒரு வாரம் வெளியூரில் மூன்று நாள் கல்யாண வேலை. அந்த வாரம் புதன்கிழமை அம்மா படுத்தாள், வெள்ளிக்கிழமை போய்விட்டாள், சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கத்திரி கைநிறையப் பூவோடு போய் நின்றபோது அம்மாவின் அறை கழுவித் துடைத்து, கட்டில் மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தது.

"உன் நம்பரைத் தேடினோம், கிடைக்கல. நீயும் ஒரு போன் பண்ணிக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றாள் அண்ணி.

வாசலில் நின்ற வண்டியின் இரண்டு பக்கமும் அந்த நம்பர் முழங்கை நீளத்துக்கு எழுதியிருந்தது.

ஊரெல்லாம் எத்தனையோ பேரைப் பூ வைத்து வழியனுப்பியவள். பெற்ற தாய்க்கு ஒரு பூ வைக்கவில்லை. அந்த நெருப்பு பதினோரு வருஷமாக அணையவில்லை. நாலு பேருக்கு நடுவில் சிரித்துப் பேசும்போதும் உள்ளே அது எரிந்துகொண்டேதான் இருந்தது.

சரி, அண்ணி ஏன் இங்கே வந்தாள்? விதியும் இல்லை, மனமாற்றமும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு ஊரிலேயே பெரிய மண்டபத்தைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் மண்டபத்துக்காரர் சொன்னார்: "எங்க மண்டபத்துல வெளியாள் பூ வைக்க முடியாதுங்க. எங்களுக்கு ஒரே ஆள்தான்." அந்த ஒரே ஆள் யார் என்று கேட்டபோது அண்ணியின் முகம் போன போக்கை மண்டபத்துக்காரர் பிறகு கத்திரியிடம் நடித்தே காட்டினார்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

*

கடைசியில் கதவைத் திறந்துவிட்டது கல்யாணப் பெண்தான். அம்மாவுக்குப் பின்னால் நின்றவள் கையை நீட்டிக் கதவைத் தள்ளி, குடையைப் பிடுங்கி உள்ளே ஆணியில் மாட்டினாள்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?"

கத்திரி நிமிர்ந்து பார்த்தாள். கடைசியாகப் பார்த்தபோது இடுப்பில் கை வைத்து இழுத்துக்கொள்கிற உயரத்தில் இருந்தவள். அப்போது 'பொடிசு' என்று கூப்பிடுவாள். இப்போது பொடிசு அத்தையைவிட ஒரு சாண் உயரம். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். யாரைப் பார்த்தாலும் கண்ணுக்குள்ளே எதையோ தேடுகிற மாதிரியே பார்க்கிறாள்.

"நல்லா இருக்கேன்டி. உக்காரு" என்றாள் கத்திரி. பிறகு, "நீங்களும் உக்காருங்க அண்ணி."

அண்ணி நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எழுதுகிற எனக்கே அந்த இடத்தில் கை பரபரத்தது.

"பழசையெல்லாம் பேச வரல" என்றாள் அண்ணி. "காரியம் ஆகணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெரிய இடம். அங்க இருந்து வர்றவங்க உள்ள நுழைஞ்சதும் அப்படியே மலைச்சுப் போகணும். ஊர்ல யாரும் வெக்காத பூவா இருக்கணும்."

"எத்தனை மணிக்குக் கல்யாணம்?"

"சாயங்காலம் ஆறரைக்கு. ஆறு மணிக்கெல்லாம் எல்லாரும் வந்துடுவாங்க."

கத்திரி தலையாட்டினாள். ரோஜா காட்டினாள். "அது எல்லார் வீட்லயும் வெக்கறது." வெள்ளைச் சாமந்தி காட்டினாள். "ஐயோ, ஆஸ்பத்திரி ஞாபகம் வருது." ஆர்க்கிட் காட்டினாள். "போன மாசம்தான் எங்க வீட்டுக்காரரோட மேலதிகாரி பொண்ணு கல்யாணத்துல பாத்தேன். காப்பியடிச்சோம்னு ஆயிடும்."

பொடிசு ஒரு வாளியில் கிடந்த மஞ்சள் செவ்வந்தியை எடுத்து, "இது நல்லா இருக்கேம்மா" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? கீழ வை" என்றாள் அண்ணி.

பொடிசு கீழே வைத்தாள். அந்த 'கீழ வை'யைப் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய கை. கத்திரி அதைக் கவனித்துக்கொண்டாள்.

அப்புறம் எழுந்து உள்ளறைக்குப் போனாள். ஒரு அகலக் கண்ணாடிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் தளும்பாமல் கொண்டுவந்து துத்தநாக மேசை நடுவில் வைத்தாள்.

கிண்ணத்தில் ஏழு நீல ஆம்பல். பதினோரு மணி வெயில் மழை மேகத்தைக் கிழித்துக்கொண்டு கண்ணாடி வழியாக விழுந்தது. ஏழும் முழுசாக விரிந்து, நடுவில் மஞ்சள் தெரிய, தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த ஒய்யாரத்தோடு மிதந்தன.

அண்ணி குறை எதுவும் சொல்லாமல் கிண்ணத்தின் மேல் குனிந்தாள். அது அபூர்வம்.

"மண்டப வாசல்ல நீளமா ஒரு தண்ணித் தொட்டி இருக்கு இல்ல, இருபதடி?" என்றாள் கத்திரி. "அதுல முழுக்க இதை மிதக்க விடலாம். முந்நூறு பூ பிடிக்கும். இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் வெச்சதில்ல."

கடைசி வாக்கியம் அண்ணி என்கிற மீனுக்கான தூண்டில் என்பது உங்களுக்குத் தெரிகிறது. அண்ணிக்குத் தெரியவில்லை.

"இது அல்லி தானே?" அண்ணியின் குரலில் உற்சாகம் ஏறியது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா, படிச்சவளுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. நிலவுக்குப் பூக்கிற பூடி இது. சாயங்காலம் ஆறரை மணிக் கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது? பொழுது சாய சாய விரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உள்ள வரவர விரிஞ்சுகிட்டே இருக்கும்!"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு ரகசியம். அண்ணி செய்த தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்திருப்பேன். அல்லி என்றால் நிலவு என்று பள்ளிக்கூடத்திலேயே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் ராத்திரி பூக்கிற ஜாதி வேறு. இந்த நீலம் பகல் பூ. காலையில் விரியும், மூன்று மணிக்குச் சுருங்க ஆரம்பிக்கும், நாலரைக்கெல்லாம் இறுக்கி மூடிக்கொள்ளும். பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் மறுநாள் காலை வரை திறக்காது.

பூ வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு ஒரு கைவேலை உண்டு. பூ நன்றாக விரிந்திருக்கும்போது மெழுகுவர்த்தியைச் சாய்த்து, இதழ்களின் அடியில் உருகின மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மெழுகு இறுகியதும் பூவால் மூட முடியாது. ராத்திரி முழுக்க விரிந்தபடியே இருக்கும்.

முந்நூறு பூவுக்கு மெழுகு வைக்க மூன்று மணி நேரம் ஆகும். கத்திரி கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

இப்போது அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வாக்கியம்தான். 'இது அந்த அல்லி இல்ல அண்ணி.' வாயில் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அப்போது அண்ணி ஒரு பூவைத் தண்டோடு தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்க அம்மாகூட ஏதோ இந்த மாதிரிப் பூ கேட்டுக்கிட்டே இருப்பாங்க, இல்ல? வயசானா ஒரே நச்சு" என்றாள்.

கத்திரி வாயை மூடிக்கொண்டாள்.

படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். தண்ணீர்ப் பூவுக்கென்று பழைய படிவம், முந்தின நாளே தேடி எடுத்து வைத்திருந்தாள். பூவின் பெயர், எண்ணிக்கை, தேதி, மண்டபம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சடித்த வரி: 'பகல் பூ. மாலையில் மூடும். மெழுகு வைக்க வேண்டுமா? ஆம் / இல்லை.'

அந்த வரியைக் கையால் மறைக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேனாவை அந்த வரிக்கு நேராகவே வைத்து, படிவத்தை அண்ணி பக்கம் திருப்பிவிட்டாள்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க அண்ணி."

அண்ணிக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அம்மாவுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி மூன்று செய்து கொடுத்திருக்கிறாள். ஆனால் வெளியிடத்தில் அதைப் போட்டால் வயது தெரிந்துவிடுமாம். அண்ணி படிவத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, படிக்கிற மாதிரி கண்ணை இரண்டு தரம் இறக்கி ஏற்றி, தடாலடியாகக் கையெழுத்துப் போட்டாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா அண்ணி?"

"என்ன கேக்க? வேலை சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான்."

மழை விட்டிருந்தது. அண்ணி தலைநிமிர்ந்து வெளியே போனாள். குடை ஆணியிலேயே தொங்கியது.

*

"பதினோரு வருஷம் கழிச்சு இந்தப் பூவா?" என்றார் புருஷன்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர் படிவத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கொண்டுபோனதும் இதே நீல ஆம்பல்தான். அம்மாவுக்கு அதன்மேல் உயிர். சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கட்டும் என்று ஒவ்வொரு பூவுக்கும் மெழுகு வைத்து எடுத்துப் போனாள். அந்தப் பூக்கள் வண்டியிலேயே இரண்டு நாள் கிடந்தன. மூடத் தெரியாமல் முழித்துக்கொண்டே கிடந்து அழுகின. அதற்குப் பிறகு கத்திரி அந்தப் பூவைத் தொட்டதில்லை.

"மெழுகு வாங்கணுமா?" என்றார் அவர்.

"வேணாம்."

"முந்நூறு பூவுக்கு?"

"அவங்க கேக்கல."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆறு மணிக்கு மொத்தத் தொட்டியும் மொட்டு மொட்டா மிதக்கும். வாடின வெண்டைக்காய் மாதிரி. அப்புறம் மண்டபத்துக்காரர் நம்மளத்தான் கேப்பார்."

"கேக்கட்டும். படிவத்தைக் காட்டுவேன். எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரிதான் அச்சடிச்சிருக்கு. நம்ம வண்டியில நம்பர் எழுதியிருந்த மாதிரி."

"அந்த வண்டியில உன் நம்பருக்குப் பக்கத்துல என் பேரும்தான் இருக்கு."

"தெரியும்."

"கல்யாணம் உங்க அண்ணிக்கு இல்ல. அந்தப் பொண்ணுக்கு. அதுவும் தெரியுமா?"

அந்த ஒரு இடத்தில்தான் கத்திரிக்கும் வலித்தது. ரோஜாவை எடுத்தாள், முள்ளுக்குப் பதில் மொட்டையே சீவிவிட்டாள், தூக்கிக் கூடையில் போட்டாள்.

"இங்க பாருங்க" என்றாள் கடைசியில். "நான் பொய் சொல்லப் போறதில்ல. யாராவது கேட்டா மறைக்காம சொல்லிடுவேன். அண்ணியே கேட்டாலும் சொல்லுவேன், அப்புறம் முந்நூறுக்கும் மெழுகு வெப்பேன். கேக்கலன்னா சொல்ல மாட்டேன். இது நான் போட்ட சட்டம் இல்ல. அவங்க போட்டது."

அவர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் கதவைக் கொஞ்சம் வேகமாகத்தான் சாத்தினார். அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் அவ்வளவுதான் வரும்.

*

மூன்றரை மணிக்குப் பொடிசு தனியாக வந்தாள்.

"குடை எடுக்க வந்தேன் அத்தை."

சொல்லிவிட்டு ஆணிப் பக்கமே திரும்பவில்லை. மேசை அருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிண்ணத்தில் இருந்த ஏழில் ஐந்து மூடியிருந்தது. இரண்டு பாதி மூடிக்கொண்டிருந்தது. காலையில் கையகலம் இருந்த பூ, இப்போது விரல் தடிமனில் பச்சையாக ஒரு கூம்பு. நீலம் இருந்த இடமே தெரியவில்லை.

பொடிசு குனிந்து, கண் பரிசோதிக்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அத்தை, இது சாயங்காலம் திறக்குமா?"

கேட்டுவிட்டாள். கேட்டால் சொல்வேன் என்று வாய்விட்டுச் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"திறக்காது" என்றாள் கத்திரி. "நாளைக்குக் காலையிலதான். இது பகல் பூ."

"திறந்தே வெக்க முடியாதா?"

"முடியும். மெழுகு வெக்கணும். படிவத்துல இருக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்க கேக்கல."

பொடிசு மெதுவாக உட்கார்ந்தாள். கத்திரி காத்திருந்தாள். இந்தப் பெண் அழுவாள், அல்லது திட்டுவாள், அல்லது கையைப் பிடித்துக்கொண்டு 'என் கல்யாணம் அத்தை' என்று சொல்வாள். மூன்றில் எது வந்தாலும் தோற்றுவிடுவோம் என்று கத்திரிக்குத் தெரிந்தது. இப்போதே போய் மெழுகு வாங்கிவிடுவாள்.

மூன்றும் வரவில்லை.

"அதே வார்த்தை" என்றாள் பொடிசு. "அம்மாவும் அன்னைக்கு அதேதான் சொன்னாங்க."

"என்னைக்கு?"

"வியாழக்கிழமை." ஒரு மொட்டை விரலால் தள்ளினாள், அது சுற்றிச் சுற்றி வந்தது. "புதன்கிழமை பாட்டி மூச்சு விட முடியாம படுத்தாங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். வெள்ளிக்கிழமை அப்பாவோட மேலதிகாரி வீட்டுக்குச் சாப்பிட வர்றார், சனிக்கிழமை பாத்துக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க. ரெண்டு நாளும் உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க அத்தை. 'கத்திரி வந்துட்டாளா, கத்திரி வந்துட்டாளா'ன்னு. கதவு சத்தம் கேட்டாலே தலையைத் திருப்புவாங்க."

கத்திரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நினைவு தப்பிக் கிடந்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று. அந்த ஒரு ஆறுதலில்தான் பதினோரு வருஷம் ஓட்டியிருந்தாள்.

"எனக்கு உங்க நம்பர் மனப்பாடம். நாந்தான் போன் எடுத்துப் போட்டேன். ரெண்டு மணி அடிச்சுது. அம்மா வந்து கையில இருந்து பிடுங்கி வெச்சுட்டாங்க. 'அவ வந்தா ஏன் புதன்கிழமையே காட்டலன்னு ஊரைக் கூட்டுவா. கேட்டா சொல்லிக்கலாம், கீழ வை'ன்னாங்க. நான் கீழ வெச்சுட்டேன். பன்னெண்டு வயசு எனக்கு. வெச்சிருக்கக் கூடாது அத்தை."

"நீ சின்னப் பொண்ணுடி."

"உங்களுக்குக் கோபம் வரலயா என் மேல?"

"வரல" என்றாள் கத்திரி. உண்மைதான். அவள் கோபம் ஒரே ஒருத்தி மேல், முன்னைவிட இரண்டு மடங்கு சூடாக, தெளிவாக இருந்தது. அண்ணியைக் கழுத்தைப் பிடித்து அந்தத் தொட்டியில் அமுக்கினால்கூட ஆறாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"உன் கல்யாணம்டி இது" என்றாள், தன்னைத்தானே கடைசியாக ஒரு தரம் இழுத்துப் பிடித்துக்கொள்கிற மாதிரி. "நீ ஒரு வார்த்தை சொல்லு, மெழுகு வெச்சுடறேன்."

பொடிசு சிரித்தாள். "என் கல்யாணத்துல எனக்குன்னு நான் எடுத்தது மாப்பிள்ளை மட்டும்தான். மண்டபம் அம்மா, துணி அம்மா, பத்திரிகை அம்மா, பூவும் அம்மா. மூடட்டும் அத்தை. ஒன்னு விடாம மூடட்டும்."

"வர்றவங்கல்லாம் கேப்பாங்க."

"கேக்கணும். மைக் வெச்சிருப்பாங்க இல்ல? ஏன் பூவெல்லாம் மூடியிருக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"என்னன்னு?"

பொடிசு அத்தையின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். அவள் முகத்தில் இருந்த நிதானத்தைப் பார்த்து, பதினோரு வருஷம் வன்மம் வளர்த்த கத்திரிக்கே லேசாகப் பயம் வந்தது.

குடை ஆணியிலேயே இருந்தது.

*

அன்றைக்கே ஆறு மணிக்கு, ஒன்பது நாள் கழித்துக் கல்யாணத்துக்கு ஜனங்கள் உள்ளே நுழையப் போகிற அதே நேரத்துக்கு, கடைப் போன் அடித்தது.

"நான்தான்" என்றாள் அண்ணி. நம்பர் கிடைக்காதவளுக்கு இன்றைக்கு எப்படியோ கிடைத்துவிட்டது. "ஒன்னு சொல்ல மறந்துட்டேன். மாப்பிள்ளை வீட்டுல, பெரியவங்க படம் வாசல்ல வெப்பீங்க இல்லன்னு கேட்டாங்க. வெக்கலன்னா நல்லா இருக்காது. அதனால உங்க அம்மா படத்தை அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சுடலாம்னு இருக்கேன்."

கத்திரி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதுக்குன்னு தனியா பூவெல்லாம் வேணாம்" என்றாள் அண்ணி. "தொட்டியில விட்டது போக மிச்சம் மீதி ரெண்டு இருந்தா ஒரு கிண்ணத்துல போட்டுப் படத்துக்கு முன்னாடி வெச்சுடு. போதும்."

மிச்சம் மீதி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வைக்க விடாத பூ. இப்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்காக, ஸ்டூல்மேல், மிச்சத்தில் இரண்டு. அதுவும் எந்தப் பூ? ஆறு மணிக்கு வாயை இறுக்கி மூடியிருக்கப் போகிற பூ. அண்ணிக்காக வைத்த பொறியில், கடைசியில் அம்மா முகத்துக்கு முன்னால்தான் மூடின மொட்டு கிடக்கப் போகிறது.

"என்ன, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. அம்மாவுக்கு நானே வெக்கறேன். நீங்க யாரும் தொட வேணாம்."

"உன் இஷ்டம். நாளைக்கு மத்தியானம் அந்தப் பக்கம் வர்றேன், குடையை எடுத்துக்கறேன். வேற நான் கேக்க விட்டது ஒன்னும் இல்லையே?"

வாசலில் புருஷன் வந்து நிற்பது தெரிந்தது. கையில் ஒரு அட்டைப் பெட்டி. கத்திரி மூன்று மூச்சு விட்டாள். நான் எண்ணினேன், மூன்றுதான்.

"கேட்டா சொல்லுவேன் அண்ணி."

"என்னத்தைக் கேக்கறது? பூதானே, நீ பாத்துக்க." போன் வைக்கப்பட்டது.

புருஷன் பெட்டியை மேசைமேல் வைத்தார். ஐந்து டஜன் மெழுகுவர்த்தி. வாங்க வேண்டாம் என்று சொல்லியும் வாங்கி வந்திருந்தார்.

"நான் வாங்கினது வாங்கினதுதான்" என்றார். "வெக்கறதும் வெக்காததும் உன் பாடு. ஆனா நாளைக்கு மத்தியானம் அவங்க வர்றாங்கன்னு காதுல விழுந்துச்சு. இந்தக் கிண்ணத்தையாவது உள்ள எடுத்து வை. மூணு மணிக்கு மேல வந்தா எல்லாம் தெரிஞ்சிடும்."

"இங்கேயே இருக்கட்டும். நான் எதையும் மறைக்கல. கண்ணிருந்தா பாக்கட்டும், வாயிருந்தா கேக்கட்டும்."

கிண்ணத்தில் ஏழும் இறுகிவிட்டிருந்தன. கத்திரி பெட்டியைப் பிரித்தாள். புருஷன் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. மனசு மாறிவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம்.

அவள் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"மத்ததைக் கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க."

"ஒன்னை வெச்சுகிட்டு என்ன பண்ணப் போற?"

"அம்மா படத்துக்கு முன்னாடி வெக்கற பூவுக்கு" என்றாள் கத்திரி. "அன்னைக்கு ஆறு மணிக்கு அந்த மண்டபத்துல முந்நூறு பூ மூடியிருக்கும். ஒன்னே ஒன்னு விரிஞ்சிருக்கும். அது ஏன்னு அப்ப அண்ணி என்கிட்ட வந்து கேப்பாங்க. கேட்டா, சொல்லுவேன்."